ஒரே கை, ஒரே நாள்

அன்பும் மதிப்பும், பழைய கணக்கில் கொஞ்சம் கோபமும் கலந்த வணக்கத்துடன் அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அண்ணியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று கேட்காதே, மடியில் வைத்து எழுதுகிறேன். தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் இடுப்பளவு என்னுடையது இல்லை, அதை அண்ணியிடம் காட்டிச் சிரிக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. காரணம் பிறகு, முதலில் சேதி.

அண்ணா, இன்று நான் ஒரு அணு உலையை நிறுத்திவிட்டேன். சரியாகச் சொன்னால், பராமரிப்புக்காக ஏற்கெனவே நின்றிருந்த உலையை நாளை ஓடவிடாமல் நிறுத்திவிட்டேன். சரிபார்க்கிற வேலையில் இருப்பவள் சேதியையும் சரியாகத்தானே சொல்ல வேண்டும். மத்தியானத்திலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? கேள்வி கேட்பதற்குக்கூட ஒரு உத்தியோகமா என்று சொந்தக்காரர்கள் பத்துப் பேர் நடுவில் கேட்டவன் நீ. சின்ன வயதில் எனக்குத் துருவி என்று பேர் வைத்தவனும் நீ. அந்தத் துருவி இன்று என்ன செய்தாள் என்று கேள்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், அண்ணிக்கும் படித்துக் காட்டு. அணு உலையை ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம். அவர்கள் செய்ததெல்லாம் சரிதானா என்று தோண்டிப் பார்த்து, ஓட்டலாம், ஓட்டக்கூடாது என்று சொல்கிற பாதுகாப்பு அலுவலகம் இன்னொரு பக்கம். அந்த அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னல் திறக்காத அறையில், இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் நான். உலையை நிறுத்தினாலும் அதன் சூடு உடனே அடங்காது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிற மாதிரிதான், ஆனால் நாள்கணக்கில், மாதக்கணக்கில். அதனால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஓட மோட்டார், மோட்டார் ஓடக் கரண்ட். வெளியிலிருந்து வருகிற கரண்ட் போய்விட்டால் டீசல் இன்ஜின். அந்த இன்ஜின் மக்கர் பண்ணினால் இன்னொரு இன்ஜின். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டடம், தனித்தனி டாங்கி, தனித்தனி வயர். ஒன்றுக்கு வருகிற வியாதி மற்றதுக்கு ஒட்டக் கூடாது, அதுதான் எங்கள் வேதம். எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான் என்பது உனக்கே தெரியும். வீட்டுச் சாவி என்னிடம் ஒன்று, உன் மாப்பிள்ளையிடம் ஒன்று, உறையில் போட்டு ஒட்டி உன்னிடம் ஒன்று. போன வருடம் அதை உன் கையில் கொடுத்தபோது, "உங்க வீட்ல என்ன யுரேனியமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாய். மாதாமாதம் முதல் தேதி நான் போன் பண்ணி உறை இருக்கிறதா என்று கேட்பேன், "இருக்கு தாயே" என்று சலித்துக்கொள்வாய். சலித்துக்கொள். பாதுகாப்பு என்பது அப்படிச் சலிக்கச் சலிக்கக் கேட்பதுதான்.

சரி, கதைக்கு வருகிறேன். போன வாரம் நிலையத்திலிருந்து பராமரிப்புத் தாள்கள் வந்தன. அடுக்கினால் என் இடுப்பு உயரம் (என் இடுப்பு, பின்பக்கத்தில் இருப்பது அல்ல). முதல் இன்ஜினுக்கு டீசல் வடிகட்டி மாற்றியவர் கடைசியில் ஒரு சுழி போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். இரண்டாவது இன்ஜினின் தாளிலும் அதே சுழி. தேதியைப் பார்த்தேன், அதே தேதி. கட்டடம் இரண்டு, டாங்கி இரண்டு, வயர் இரண்டு, வேலை செய்த கை மட்டும் ஒன்று. அந்தக் கை அன்றைக்கு ஒரு தப்புப் பண்ணியிருந்தால் அது இரண்டு இன்ஜினுக்கும் சேர்த்துப் பண்ணிய தப்பு இல்லையா? ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டையும் தொடக் கூடாது என்று அவர்கள் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். மேலாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த மெக்கானிக்குக்கு அங்கே கைராசிக்காரர் என்றே பேராம். அவர் தொட்ட இன்ஜின் முப்பது வருடமாக ஒரு தடவைகூட அழுததில்லையாம், மற்றவர்கள் கையில் கொடுக்க யாருக்கும் மனசு வராதாம். சரிபார்த்தவர் என்று கீழே இன்னொருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அவர் போய்ப் பார்த்தாரா என்று கேட்டேன். கைராசிக்காரர் செய்ததைப் போய்ப் பார்ப்பது மரியாதை இல்லை என்று பதில் வந்தது.

நான் எங்கள் பிரிவுத் தலைவரிடம் ஓடினேன். எனக்கு மொத்தம் அறுபத்தேழு கேள்விகள் இருந்தன. அறுபத்தாறை வாபஸ் வாங்கினால் ஒன்றைக் கேட்கிறேன் என்றார், வாங்கினேன். கைராசிக் கேள்வியை மட்டும் வைத்தேன். மாதா மாதம் இன்ஜினை ஒரு மணி நேரம் ஓட்டித்தானே பார்க்கிறார்கள், நன்றாக ஓடுகிறதே என்றார். நான் சொன்னேன், இன்ஜின் பக்கத்திலேயே ஒரு சின்ன டாங்கி இருக்கிறது, அதில் இருக்கிற டீசலே இரண்டு மணி நேரத்துக்கு வரும், அதற்குப் பிறகுதான் வெளியே இருக்கிற பெரிய டாங்கியிலிருந்து வர வேண்டும், ஆக ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் பெரிய டாங்கியிலிருந்து டீசல் வருகிறதா என்பது பிரம்மாவுக்குக்கூடத் தெரியாது, மூன்று மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள் என்று. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"உனக்கு இந்த ஆபீஸ்ல இது எட்டாவது மாசம்," என்றார். "பன்னெண்டாவது மாசம் வேலை நிரந்தரம். மூணு மணி நேரம் ஓடிருச்சுன்னா அவங்க என்னைக் கேப்பாங்க, நான் உன்னைக் கேப்பேன். அப்புறம் உன் காகிதம் என் மேஜையிலேயே கிடக்கும்."

ஆனாலும் ஒற்றைக் காலில் நின்றேன்.

இன்று காலை ஒன்பது மணிக்கு இரண்டு இன்ஜினையும் போட்டார்கள். அண்ணா, ஒவ்வொன்றும் ஒரு லாரியளவு, காதில் பஞ்சு வைத்து அதன்மேல் மூடி போட்டும் பல்லெல்லாம் அதிர்கிறது. முதல் கட்டடத்தில் நானும் தலைவரும் மேலாளரும், இரண்டாவதில் கைராசிக்காரர், நடுவில் வாக்கி டாக்கி. பத்து மணிக்கு மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பத்தரைக்கு டீ வந்தது, எனக்கு மட்டும் இறங்கவில்லை. பத்தே முக்காலுக்குச் சின்ன டாங்கியின் கண்ணாடிக் குழாயில் டீசல் சிவப்புக் கோட்டுக்கு வந்தது. அந்தக் கோட்டுக்கு வந்ததும் பம்பு தானாக ஓடிப் பெரிய டாங்கியிலிருந்து டீசலைக் கொண்டுவர வேண்டும். பம்பு ஓடியது. மேலாளர் வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக என்னை வழியனுப்பத் தயாரானார். நான் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பம்பு ஓடுகிறது, டீசல் ஏறவில்லை. ஒரு விரற்கடை இறங்கியது, இன்னொரு விரற்கடை இறங்கியது. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. வாக்கி டாக்கி கரகரத்தது.

"இங்கேயும் ஏறலம்மா," என்றார் கைராசிக்காரர்.

பதினொன்று பத்துக்கு எங்கள் இன்ஜின் இருமியது, பதினொன்று பதினெட்டுக்கு அவருடையது. அதன் பிறகு வந்த அமைதி இருக்கிறதே, அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். பெரிய டாங்கியிலிருந்து வரும் குழாயில் ஒரு வால்வு, அது இறுக மூடியிருந்தது. இரண்டு கட்டடத்திலும் மூடியிருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இந்த யானைக்கு ஒரே நாளில் இரண்டு காலும் சறுக்கியிருக்கிறது.

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அந்த மனிதர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்ததைப் பார்த்ததும் குதிக்க முடியவில்லை. அறுபதை நெருங்குகிறவர், நகக்கண்ணில் நிரந்தரக் கறுப்பு. வடிகட்டி மாற்றும்போது வால்வை மூடித்தான் மாற்ற வேண்டுமாம். இரண்டையும் மாற்றி முடித்த நிமிடம் பேத்தி பிறந்த சேதி வந்திருக்கிறது, ஓடிவிட்டார். மறுநாள் வந்து தாளைப் பார்த்தால் வால்வைத் திறந்தாயிற்று என்ற கட்டத்தில் டிக் இருந்தது. எல்லாக் கட்டத்திலும் முதலிலேயே டிக் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாராம், முப்பது வருடப் பழக்கம். தன் டிக்கைத் தானே நம்பிவிட்டார். தப்பா நினைச்சுக்காதீங்க என்றேன் நான்.

"முப்பது வருஷமா நான் செஞ்சதைத் திரும்பிப் பாக்க ஒரு ஆளு வரலைம்மா," என்றார். "எவ்வளவு பயமா இருக்கும் தெரியுமா? நல்லவேளை, நீங்க வந்தீங்க."

அண்ணா, அழுதுவிட்டேன். டீசல் புகை என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். நாளைய ஓட்டம் ரத்து. இனி ஒரு இன்ஜினை ஒருவர் தொட்டால் மற்றதை வேறொருவர், வேறொரு நாளில், சரிபார்ப்பவர் காலால் நடந்துபோய்க் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. திரும்பி வந்து வண்டியை விட்டு இறங்கும்போது தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு உயிர் போய்விட்டது. "மத்த அறுபத்தாறு கேள்வியையும் நாளைக்கு எடுத்துட்டு வா," என்றார்.

ஆகவே இதனால் நீ அறிய வேண்டியது, கேள்வி கேட்பது உத்தியோகம்தான். இதை மேற்படி சொந்தக்காரர்கள் பத்துப் பேரிடமும் நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். உன் வீட்டிலும் எது எதற்கு மாற்று இருக்கிறது, அந்த மாற்று உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு. அண்ணிக்கு என் வணக்கம். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் ஆளுக்கு இரண்டு முத்தம், தனித்தனிக் கன்னத்தில். எல்லாரும் நீடூழி நன்றாக இருங்கள்.

உன் பிரியமுள்ள,
துருவி

பின்குறிப்பு: காரணம் பிறகு என்றேன் அல்லவா. நாங்கள் இருவரும் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறோம். சாயங்காலம் நான் வீடு திரும்பி என் சாவியையும் போனையும் மேஜையில் வைத்தேன். பின்னாலேயே உன் மாப்பிள்ளை வந்தார். சந்தோஷத்தில் அவர் பையைப் பிடுங்கி, உள்ளே இருந்த அவர் சாவியோடும் போனோடும் அதையும் மேஜையில் வைத்தது நான்தான். செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் அவரை வாசலுக்கு இழுத்துவந்து, வால்வு எப்படி மூடியிருந்தது தெரியுமா, இப்படித்தான் என்று கதவை இழுத்துச் சாத்திக் காட்டினேன். இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்கிற கதவு. இரண்டு சாவி, ஒரே கை, ஒரே நாள். உன் போன் நம்பர் என் போனுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. கீழ் வீட்டுத் தையல்காரர் உன் தெருவுக்குத் துணி கொடுக்க வருகிறார். பொத்தான் தைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும் என்றார், அந்த நேரத்தில் அவர் அளவுப் புத்தகத்தில் தாள் கிழித்து இதை எழுதினேன். அவரிடம் உறையிலிருக்கும் மூன்றாவது சாவியைக் கொடுத்தனுப்பு. எதற்கு மூன்றாவது சாவி என்று கேட்டாயே, இதற்குத்தான்.

இன்னொரு பின்குறிப்பு: மேலே எழுதியதை மேல்படியில் உட்கார்ந்திருக்கும் உன் மாப்பிள்ளை இவ்வளவு நேரமும் எட்டிப் படித்துக்கொண்டே இருந்தார். இப்போதுதான் தொண்டையைக் கனைத்தார்.

"அந்தச் சாவி உங்க அண்ணன்கிட்ட இல்லை. உள்ளே என் பையிலதான் இருக்கு."

நாலு மாதத்துக்கு முன்னால் தன் சாவியைத் தொலைத்துவிட்டு, என் வாய்க்குப் பயந்து, உன்னிடம் வந்து அதை வாங்கிப் போயிருக்கிறார். நீயும் கொடுத்திருக்கிறாய். அதற்குப் பிறகும் மாதாமாதம் நான் உறை இருக்கிறதா என்று கேட்டேன், நீயும் இருக்கு தாயே என்றாய். உறை இருந்தது உண்மைதான். உள்ளே சாவி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அறுபத்தெட்டாவது கேள்வி ஒன்று இருந்திருக்கிறது, அதைக் கேட்கத் துப்பில்லை. உன்மேல் கோபம் நாளைக்கு. இப்போது சிரித்து முடித்ததும் பூட்டுத் திறக்கிறவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டு வா. இரண்டு பேராக அழைத்து வா. இரண்டு பேரையும் ஒரே கடையில் பிடிக்காதே.