மதாமின் மேசை விரிப்பும் என் மஞ்சள் தண்ணீரும்

எனக்கு வயது எண்பத்திரண்டு. நாலு பிள்ளைகளைப் பெற்று, நாலையும் ஆளாக்கியவள். கழுவாத காய் ஒன்றுகூட அவர்கள் வயிற்றுக்குள் போனதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதால் என் எழுத்து கொஞ்சம் கோணல்; காய் கழுவுவதில் கோணல் கிடையாது. (ஒரே ஒரு நாளைத் தவிர.)

எழுபதுகளின் தொடக்கம். கனடாவில், மான்ட்ரியாலின் அஹுன்ட்சிக் பக்கம் ஒரு மாடி வீடு. மேலே நாங்கள், கீழே வீட்டுச் சொந்தக்காரி, பிரெஞ்சுக்கார மதாம். போன இடமெல்லாம் எங்கள் முகத்தைப் பார்த்ததும் "இப்போதுதான் வாடகைக்கு விட்டோம்" என்றார்கள். மதாம் மட்டும்தான் என் இடுப்பிலிருந்த மூத்தவனின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். இரண்டாவது அப்போது வயிற்றில்.

"அந்தம்மா மனசு நோகாம நடந்துக்க, ஜானகி. இதை விட்டா நமக்கு வேற வீடு இல்ல," என்று என் வீட்டுக்காரர் தினமும் சொல்வார். எஞ்சினியர். எதையும் இரண்டு தடவை சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

எந்தக் கீரையானாலும் உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசுவது என் வழக்கம். கஷ்டம் என்னவென்றால், கழுவிய கீரை லேசில் காயாது. மதாமுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. சாலட் இலையைக் கழுவி, துணியில் மூட்டையாகக் கட்டி, பின்பக்கத் தோட்டத்தில் நின்று தலைக்கு மேலே விர்ரென்று சுற்றுவாள். தண்ணீரெல்லாம் தெறித்துப் போய் இலை மொடமொடவென்று நிற்கும். மேலே பால்கனியிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கை நமநமத்தது.

ஒரு சனிக்கிழமை, ஆசை தாங்கவில்லை. மஞ்சள் தண்ணீரிலிருந்து கீரையை எடுத்தேன். சுற்றும் அவசரத்தில் அலச மறந்தேன். வீட்டுக்காரரின் பழைய வேட்டியில் கட்டிக்கொண்டு பால்கனிக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றினேன். என்ன சுகம்! இன்னும் வேகமாகச் சுற்றினேன். முடிச்சு அவிழ்ந்தது. கீரை பறந்தது.

எட்டிப் பார்த்தேன். கீழே கொடியில் மதாமின் வெள்ளை மேசை விரிப்பு. அவள் அம்மா காலத்துப் பூவேலை. அடுத்த வாரம் நடக்கவிருந்த மகள் மோனிக்கின் கல்யாணத்துக்காகத் துவைத்துப் போட்டிருந்தாள். அதில் எங்கு பார்த்தாலும் மஞ்சள் புள்ளி, ஓரத்தில் ஒரு கொத்துக் கீரை.

மதாம் வெளியே வந்தாள். புள்ளியைப் பார்த்ததும் சோப்பை எடுத்து வந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

"நோ, மதாம்! சோப் நோ!"

மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும்? இரத்தச் சிவப்பு. விரிப்பு கொலை நடந்த இடம் மாதிரி ஆகிவிட்டது. மதாம் "மோன் தியூ!" என்று கடவுளைக் கூப்பிட்டு அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, மாடிப்படி ஏறினாள்.

உள்ளே ஓடினேன். வீட்டுக்காரர் முகத்தில் பாதி நுரையோடு நின்றார்.

"என்னங்க, சாமானைக் கட்டுங்க."

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"கீரை கழுவினேன்."

"கீரை கழுவினா வீட்டை விட்டுத் துரத்துவாங்களா?"

கதவு தடதடத்தது. திறந்தால் மதாம், கையில் கட்டுத் துணிச்சுருளோடு. என் இரண்டு கைகளையும் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். எங்கே காயம் என்று தேடுகிறாள்! எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் அது புரிந்தது. ஓவென்று அழுதேன்.

வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கிச் சொன்னார். அதற்குப் பிறகுதான் மதாமுக்குக் கோபம் வந்தது. என்ன திட்டினாள் என்று கடைசிவரை அவர் எனக்குச் சொல்லவே இல்லை.

"நல்ல தண்ணியில அலசி வெயில்ல போட்டா மஞ்சள் போயிடும்னு சொல்லுங்க."

"இந்த ஊர் வெயில்லயா? நீ போட்ட வத்தலே காயலையேடி!"

வேறு வழி? அலசினேன், சிவப்பு மறுபடி மஞ்சளானது. விரித்துப் போட்டேன். வெயில் நகர நகர விரிப்பையும் நகர்த்தினேன். மேகம் வந்தால் அதையும் திட்டினேன். (தமிழில்தான். அதற்குப் புரிந்திருக்கும்.) மறுநாளும் அப்படியே காவல். மெல்ல மெல்ல மஞ்சள் வெளுத்தது. கல்யாணத்தன்று கேக்குக்கு அடியில் விரிப்பு பால் மாதிரி இருந்தது. மதாம் என்னைக் காட்டிக் காட்டி, தலைக்கு மேல் கையைச் சுற்றி, வந்தவர்களிடமெல்லாம் ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஊரின் மறுகோடியில், பியர்ஃபோன்ஸில் சொந்த வீடு வாங்கும்வரை அங்கேதான் இருந்தோம். துணி காயப்போடுமுன் மதாம் மேலே பார்த்துக் கத்துவாள்: "மதாம்! சலாத்?" நான் "நோ சலாத்!" என்ற பிறகுதான் கொடியில் கை வைப்பாள். இன்றைக்கும் என் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால், சமையலறை வாசலிலேயே நின்று "அம்மா, சலாத்?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

பிரியா, இங்கே வாடி கண்ணு. பாட்டி எழுதினதை முதல்ல இருந்து வாசி பார்ப்போம். அங்கேயே நின்னு வாசி. சட்டை வெள்ளையா இருக்கு, ஸிங்க்ல கொத்தமல்லி ஊறுது.