பாக்கியநாதன் பட்டறைக்குப் போணி யார்?

மன்னார்புரம் பாக்கியநாதனின் போல்ட்டு நட்டுப் பட்டறையில், ஸ்ரீரங்கம் ஜவுளிக்கடை அழகர்சாமி ஐயாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கிவிட்டாராம். ஊரெல்லாம் இதே பேச்சு. நான் நம்பவில்லை. ஏனென்றால் அழகர்சாமி ஓர் இரண்டாமவர்.

இரண்டாமவர் என்றால் யார் என்கிறீர்களா? எதிலும் முதல் ஆளாக இறங்காத இனம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காலி பஸ் நிற்கும், கண்டக்டர் தொண்டை கட்டக் கூவுவார், இவர் ஏறமாட்டார். எவராவது ஒருவர் ஏறி உட்கார்ந்து, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு ஏறி, அத்தனை இடம் கிடக்க அவரையே நெருக்கிக்கொண்டு உட்காருவார். காவிரிக் கரையில் துண்டோடு நின்று, குளிப்பவரைப் பார்த்து, "ஆழமா இருக்குங்களா?" என்பார். நாடகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் கை தட்டினால்தான் தனக்கும் கை இருப்பது ஞாபகம் வரும். ஒருநாள் இப்படி இருவர் தபாலாபீஸ் வாசலில், "நீங்க போங்க", "அட, நீங்க போங்க" என்று நின்றார்கள். தபாலாபீஸைப் பூட்டிவிட்டார்கள்.

அவரா ஐயாயிரம்? நேரே பட்டறைக்குப் போனேன்.

"எங்க சார் போட்டாரு!" என்றார் பாக்கியநாதன். "யாராச்சும் முதல்ல போடட்டும், அடுத்தது நான்தான்னாரு. பாதியை விட்டுட்டு மீதியை ஊரு பரப்பிடுச்சு."

கைலாசபுரத்தில் பெரிய ஆலை வந்ததிலிருந்து அவருக்கு ஆர்டர் குவிகிறது. புது லேத்துகள் வாங்கினால் இன்னும் அறுபது பேருக்கு வேலை. பாதிப் பணம் சர்க்கார் கடனாகத் தரும். ஆனால் மீதிப் பாதியை ஊர்க்காரர்கள் பங்காகப் போட்ட பிறகுதான் தரும். (சர்க்காரும் இந்த இனமே.) பொங்கலுக்குள் பங்கு சேராவிட்டால் அந்தக் கடன் கோயமுத்தூருக்குப் போய்விடும். கோயமுத்தூருக்கு!

"ஊர்க்காரங்க என்ன சொல்றாங்க?"

"சர்க்கார் போடட்டும், அப்புறம் பாக்கலாம்ங்கறாங்க."

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கடைசி முயற்சியாகப் பட்டறை முற்றத்தில் கூட்டம் போட்டார். நாற்பது பேர் வந்தார்கள். முதல் வரிசை நாற்காலிகள் காலி.

அழகர்சாமி இரண்டாவது வரிசையிலிருந்து எழுந்தார். "பணம் கெடக்குதுங்க. போணி பண்ண கைராசி வேணுமில்ல? என் கை ராசியில்லாத கை. நான் போட்டு பட்டறை படுத்துட்டா, அந்தப் பாவம் எனக்கெதுக்கு?"

நாற்பது பேரும் தங்கள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கையிலும் ராசி இல்லை. இத்தனை ராசிகெட்ட கைகள் எப்படித்தான் கடையும் வீடும் வயலும் சம்பாதித்தனவோ! பாக்கியநாதன் மேஜைமேல் விரித்திருந்த துணியை மெதுவாக மடிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் பட்டறை வாசலில் வடை சுடும் மயிலம்மாள் உள்ளே வந்தாள்.

"ஏன் முதலாளி, ஒரு பங்கு எவ்வளவு?"

"பத்து ரூபாம்மா. உனக்கெதுக்கு?"

"அறுபது பேரு புதுசா வந்தா, ஆளுக்கு ரெண்டு வடைன்னாலும்..." விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள், விரல் போதவில்லை. சுருக்குப்பையிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இந்தாங்க போணி. சட்டுனு ஆளெடுங்க. வெளிய வடை ஆறுது."

அவ்வளவுதான்! "அடுத்தது நான்!" "யோவ், நான் சொல்லி மாசமாச்சு!" நாற்காலி கவிழ்ந்தது, ஒருவர் வேட்டியை இன்னொருவர் மிதித்தார், அழகர்சாமி மேஜைமேலேயே ஏறிவிட்டார். இரண்டாமிடத்துக்கு இப்படி ஒரு அடிதடியை நான் பார்த்ததில்லை. வடை ஆறுவதற்குள் பணம் சேர்ந்தது. பின்னாலேயே, நாற்பத்திரண்டாவது ஆளாகச் சர்க்காரும் வந்து சேர்ந்தது.

இப்போது லேத்துகள் ஓடுகின்றன. அறுபது பேரும் வடை தின்கிறார்கள். அழகர்சாமி வாரம் தவறாமல் வந்து, "நம்ம பட்டறை" என்று சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் இதைப் படித்ததும் சிரித்தீர்களே, உடனே சிரித்தீர்களா, பக்கத்தில் இருப்பவர் சிரித்த பிறகா?

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. அன்றைக்குக் கூட்டம் முடிந்து எல்லாரும் தின்ற வடைக்கு மயிலம்மாள் இன்னும் காசு கேட்டுக்கொண்டிருக்கிறாள். "மத்தவங்க குடுக்கட்டும்மா, நான் எங்க ஓடிடப் போறேன்?" என்கிறார் அழகர்சாமி.

நானும் அன்று இரண்டு தின்றேன். முதலில் அவர் கொடுக்கட்டும்.