தோலுரி வாத்தியாரும் சீனத்து ஏலக்காயும்

போடிநாயக்கனூரில் ஏலக்காயை உரித்தவர்கள் ஆயிரம் பேர் உண்டு. இங்கிலீஷை உரித்தவர் ஒருவர்தான். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் தோலுரி வாத்தியார்.

ஏலக்காய்க் கடைக்கு மேலே ஒரு மாடி. அங்கே ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் வழியாகச் சீனத்துப் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது எங்கள் பிழைப்பு. திரையில் வார்த்தைகள் ஓடும். வாசித்துவிட்டு 'ரிப்பீட்' சொல்ல வேண்டும். கம்பெனி கேட்டது அவ்வளவுதான்.

வாத்தியாருக்கு அது ஆகாது. திரையில் 'அன்பிலீவபிள்' என்று வந்தால், கேமராவுக்கு முன்னால் ஒரு ஏலக்காயை நீட்டுவார். காம்பைக் கிள்ளி, "இது 'அன்'." தோலைப் பிரித்து, "இது 'ஏபிள்'." உள்ளே இருக்கும் விதையை, எங்கள் ஊரில் அரிசி என்போம், உள்ளங்கையில் கொட்டி, "இதான் 'பிலீவ்'!" ஒரு வகுப்புக்கு இரண்டு வார்த்தை தேறினால் பெரிது.

"அண்ணே, இன்னொரு புகார் வந்தா மேனேஜர் சீட்டைக் கிழிச்சிருவாண்ணே" என்றேன். ஐம்பது வயதில் அவருடைய எம்.ஏ.வுக்கு வேறு எவன் வேலை வைத்துக்கொண்டு காத்திருந்தான்?

"போடா கிளிப்பிள்ள! ஒரு காயை உடைச்சுப் பாக்காம எவன்டா மூட்டை வாங்குவான்? ஒனக்கெல்லாம் போடித் தண்ணி குடிச்ச புத்தி வேணாம்?"

தினமும் எனக்கு இந்த அர்ச்சனை உண்டு.

ஒருநாள் மாணவர்களையும் ஏலக்காய் கொண்டுவரச் சொல்லிவிட்டார். ஓட்டல் வேலைக்காக இங்கிலீஷ் படிக்கும் ஒரு சீனச் சமையல்காரர், கொட்டைப்பாக்கு அளவில் கறுத்துச் சுருங்கிய ஒன்றைப் பெருமையாக நீட்டினார். அவர்கள் கறிக்குப் போடும் பெரிய ஏலக்காய் அது. போடிக்காரனிடம் அதைக் காட்டலாமா? வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இங்கிலீஷ் மறந்துபோய்த் தமிழ் வந்துவிட்டது.

"அட பாவி மனுசா! எவன்யா இதை ஒன் தலையில கட்டுனான்? தீய்ஞ்ச காய்யா இது! வெரசாப் போயித் திருப்பிக் குடு!"

பாக்கி வகுப்பு முழுக்க ஏலக்காய்ப் பஞ்சாயத்து. கடைசியில் அந்த மனுஷர் சிரித்துக்கொண்டே தன் காயை உடைத்தார். "அன்... பிலீவ்... ஏபிள்" என்று காம்பையும் அரிசியையும் தோலையும் வரிசையாக எடுத்து வைத்தார்.

வாத்தியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. "புடிச்சுக்கிட்டான்டா" என்றார்.

அந்த வகுப்பின் வீடியோ பதிவைப் பார்த்த மேனேஜர், பாடத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பினான்.

அதோடு விட்டார்களா? அவருடைய வகுப்புகளையெல்லாம் ஒரு மெஷினுக்குப் புகட்டி, 'உரித்துப் படிக்கும் புதுமுறை' என்று விற்கிறார்கள். ஏலக்காயைக் கண்ணால் கண்டிராத ஒரு குரல், "கையில் ஒரு ஏலக்காய் எடுங்கள்" என்று இங்கிலீஷில் கொஞ்சுகிறது. நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான். மிச்சமிருக்கும் நாங்கள் அது தப்பாகப் பேசாமல் பார்த்துக்கொள்ளும் காவல்.

வாத்தியார் இப்போது குரங்கணிக்குப் போகும் ஜீப்பில் தோட்டத்து ஆட்களை ஏற்றிவிடுகிறார். விஷயத்தைச் சொன்னேன். எனக்குத்தான் ஆத்திரம். அவர் நிதானமாக யோசித்தார்.

"காயை அது மோந்து பாக்குமா?"

"மூக்கே கிடையாதுண்ணே."

"அப்ப அந்தச் சமையக்காரன் மறுபடி தீய்ஞ்ச காயைக் கொண்டாந்தா, யாருடா திட்டுவா?"

அந்த மாடியில் என்னைத் திட்டவும் இப்போது ஆளில்லை.