ஷோக் சபாவில் நான் சிரித்த சிரிப்பு

எனக்குத் தெரியாத இந்தி தில்லியிலேயே கிடையாது என்று நான் மார்தட்டாத நாள் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அரக்கோணத்திலிருந்து ஒரு பெயிண்ட் பிரஷ்ஷோடு வந்து இறங்கியவன். ஜனக்புரியில் பாதிச் சுவர்கள் என் ஆட்கள் தேய்த்து அடித்தவை. சொந்தமாக மூன்று மாடி வீடு. (மாடிக்கொரு பால்கனி. மூன்றிலும் உட்கார நான் ஒருத்தன்தான்.) மனைவி போய்ச் சேர்ந்தாள், மகன் கனடா போய்ச் சேர்ந்தான்.

சுவர் தேய்த்த தூசு நெஞ்சில் தங்கி ஆஸ்துமா ஆனது. டாக்டர், வாயில் வைத்து இழுக்கிற பம்பு ஒன்று கொடுத்தார். இத்தனை பெரிய காண்டிராக்டர் பீப்பீ ஊதுவதா? அலமாரியில் போட்டேன். பிறகு ஹோமியோபதி சீனி உருண்டை, மூக்கில் உப்புத் தண்ணீர், கரோல் பாக் வைத்தியரின் கறுப்பு லேகியம். (அதைச் சுவரில் அடித்திருந்தால் என் ஆயுசுக்கும் உரியாது.)

கடைசியாகப் பூங்காவில் சிரிப்பு வைத்திய மன்றம். தலைவர் கன்னா, ஓய்வுபெற்ற அதிகாரி. விடியற்காலையில் என்னைப் போன்ற இழுப்புக்காரர்கள் வட்டமாக நின்று, கையைத் தூக்கி, "ஹோ ஹோ, ஹா ஹா ஹா!" "தவாயி சோடோ, ஹஸோ!" என்பார். மருந்தை விடு, சிரி. விட்டுவிட்டோம் என்று எல்லோரும் சத்தியம் செய்தோம். மூச்சு சரியானதா என்று கேட்காதீர்கள். "ஆயியே, முருகன்ஜி" என்று அங்கே என்னைப் பெயர் சொல்லி வரவேற்றார்கள். அதற்காகவே போனேன். நாள் முழுக்க எனக்குக் கிடைத்த பேச்சு அவ்வளவுதான்.

ஜனவரிப் பனியில் இழுப்பு வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். எழுந்து பால் வாங்கப் போனபோது, மன்றத்து சோப்ரா ஸ்கூட்டரை நிறுத்தாமலே கத்தினார்: "முருகன்ஜி, கல் சுபஹ் பார்க் மே ஷோக் சபா ஹை! ஜரூர் ஆனா!"

நாளைக் காலை பூங்காவில் ஷோக் சபா, அவசியம் வா. எங்கள் ஊரில் ஷோக்கு என்றால் ஜோர், கொண்டாட்டம். சபா என்றால் கச்சேரி. இதற்கு மேல் ஒருவரிடம் அர்த்தம் கேட்கிற ஆளா நான்?

ஆரஞ்சு ஸ்வெட்டர், கையில் ஒரு பெட்டி லட்டு. பனிமூட்டத்தில் ஆள் முகம் தெரியவில்லை. எல்லோரும் வெள்ளை உடையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். (யூனிபார்ம் தைத்திருக்கிறார்கள், என்னை விட்டுவிட்டார்களே என்று மனசு சுருங்கியது.) நானும் உங்கள் ஆள்தான் என்று காட்ட வேண்டாமா? நடுவில் போய் நின்று, கையைத் தூக்கி, ஒரு வாரத்துச் சிரிப்பையும் சேர்த்து அவிழ்த்துவிட்டேன்.

"ஹோ ஹோ! ஹா ஹா ஹா!"

ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை. பனி விலகியது. எதிரே மாலை போட்ட படத்தில் கன்னாஜி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும்தான்.

"பாகல் ஹோ கயே க்யா? கன்னா சாப் குஜர் கயே!" என்று சீறினார் சோப்ரா. பைத்தியமா உனக்கு, கன்னா போய்விட்டார். அது இரங்கல் கூட்டம். இந்தி ஷோக் வேறொன்றுமில்லை, நம்முடைய சோகம்தான். (ஆறாவதில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.)

போன சிரிப்பு திரும்பும்போது மூச்சை அடைத்தது. லட்டு உருண்டது, பின்னாலேயே நானும். நெஞ்சில் குக்கர் விசில். அப்போதுதான் அந்த அதிசயம். சுற்றியிருந்த அத்தனை கைகளும் ஜேபிக்குள் போயின. வெளியே வந்தபோது கைக்கொரு நீலப் பம்பு!

"அரே சோப்ராஜி, ஆப் பீ?" என்றது ஒரு குரல். நீங்களுமா?

சோப்ரா பதிலுக்குக் கேட்டவர் கையிலிருந்த பம்பைப் பார்த்தார்.

ஆனால் முதலில் என் வாயில் பம்பை வைத்தது கன்னாவின் மனைவி, கைப்பையிலிருந்து எடுத்து. "இவரோடதுதான்," என்று இந்தியில் சொல்லிப் படத்தைக் காட்டினார். "தினம் இழுத்துட்டுத்தான் உங்களைச் சிரிக்க வைக்க வருவார்."

என் உயிர் வந்தது, மன்றம் போனது. தலைவரும் இல்லை, ரகசியமும் இல்லை, யார் வருவார்கள்? நான் மட்டும் சில நாள் போய் ஹோ ஹோ என்றேன். நாய்கள் எழுந்து வேறு மூலைக்குப் போய்ப் படுத்தன. தனியாகச் சிரிப்பது, பெயிண்ட் இல்லாமல் பிரஷ்ஷைத் தேய்ப்பது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டான். "மருந்து எடுத்தியாப்பா? சரி, வெச்சிடட்டா?"

வைக்கவிடாமலிருக்க, வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஐயோ அப்பா! எழவுல போயி சிரிச்சியா நீ?" சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமலே வந்துவிட்டது. மருமகளைக் கூப்பிட்டான். பேரன் போனைப் பிடுங்கி, "தாத்தா, வன்ஸ் மோர்!" என்றான்.

இன்றுவரை ஞாயிறுதோறும் அந்தக் கதைதான் வேண்டும் அவர்களுக்கு. அது முடிந்ததும் போனை வைத்துவிடுவார்கள். அதனால் கதையில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போகிறேன். போன வாரம் பூங்காவுக்குள் ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து, தொப்பிக்குள்ளிருந்து பம்பு எடுத்தார்.