ஒரு கோடிப் பேரைத் தாங்கும் திட்டம்

வேலை செய்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். வேலை செய்யாதவர்களையும் தெரியும். உங்கள் அலுவலகத்திலேயே நாலு பேர் இருப்பார்கள். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. ஒரு வேலையை எப்படிச் செய்யவேண்டும் என்று ராப்பகலாக யோசித்து, படம் போட்டு, அம்புக்குறி வரைந்து, அதை அழித்து, வேறு நிறத்தில் மறுபடி வரைந்து, வியர்த்து விறுவிறுத்துப்போய் நாற்காலியில் சாய்கிறவர்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இவர்களைப்போல உழைக்கிறவர்களை நான் பார்த்ததே இல்லை. என்ன, உழைத்து முடித்த பிறகு கையில் ஒன்றும் இருக்காது.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். "எடுத்தோம் கவிழ்த்தோம்னு செய்யக் கூடாது" என்பார்கள். "நாளைக்கே கூட்டம் அலைமோதினா என்ன பண்ணுவீங்க?" என்று நம்மை மிரட்டுவார்கள். இன்றைக்கு ஒரு ஈ காக்கை வராத இடத்தில், நாளைக்கு வரப்போகும் நெரிசலை நினைத்து அவர்களுக்கு இன்றைக்கே மூச்சு முட்டும்.

எங்கள் அலுவலகத்தில் இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒருவர் இருக்கிறார். எதற்கெடுத்தாலும் "முதல்ல அடித்தளம் ஸ்ட்ராங்கா இருக்கணும்" என்பதால் அடித்தளம் என்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டோம். அது அவருக்கும் தெரியும். கோபமா? பெருமை!

அடித்தளத்துக்கு ஒரு தங்கை. பாடுகிறவள். சின்னச் சின்ன அரங்குகளிலும் ஹோட்டல் மேடைகளிலும் பிறருடைய பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தவள், தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு, தன் முதல் ஆல்பத்தை முடித்திருந்தாள். இணையத்தில் அது வெளியாகும் தேதியும் முடிவாகிவிட்டது. அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். தினமும் மூட்டை மூட்டையாகப் பாட்டு வந்து கொட்டுகிற உலகத்தில், தன் பாட்டு வந்த சேதி யாருக்குத் தெரியும்? "சொந்தப் பாட்டு வந்தா கண்டிப்பா சொல்லும்மா" என்று போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போன ரசிகர்கள் இருநூறு சொச்சம் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு அன்றைக்கே சொல்லியாகவேண்டும். முதல் நாள் ஆள் சேராத பாட்டு அடியில் போய்விடும், அப்புறம் கிரேன் வைத்தாலும் மேலே வராது என்று துறைக்காரர்கள் அவள் வயிற்றில் புளியைக் கரைத்திருந்தார்கள்.

இதை அவள் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"இருநூறு பேர்தானேண்ணா, நானே உக்காந்து மெசேஜ் அனுப்பிடறேன்."

"கையாலயா? அண்ணன்னு நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்? நீ ஒருத்தருக்கும் அனுப்பாதே. நான் பாத்துக்கறேன்."

அப்படிப் பிறந்ததுதான் அந்தத் திட்டம். உங்களுக்குப் பிடித்த பாடகர் யார் என்று சொல்லிவைத்தால் போதும். உலகத்தின் எந்த மூலையில் அவருடைய புதுப்பாட்டு வெளியானாலும் அடுத்த நிமிஷம் உங்கள் போன் மணியடித்துச் சொல்லிவிடும். முதல் மணி தங்கையின் ஆல்பத்துக்கு. நல்ல யோசனைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. என்னையும், எந்தப் பேச்சையும் 'ஆனா' என்று தொடங்குவதால் ஆனா என்றே பெயர்பெற்ற இன்னொரு சக ஊழியரையும் அவர் சேர்த்துக்கொண்டார். அடித்தளத்தின் வீட்டில் காலியாகக் கிடந்த அறையில் ஒரு சுவர் நீளத்துக்கு ஒயிட் போர்டு ஏறியது. அதன் வலது மூலையில் தங்கையின் ஆல்பம் வெளியாகும் தேதியைச் சிவப்பில் பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்தார்.

முதலில் எந்த டேட்டாபேஸ் என்ற கேள்வி வந்தது. அது போவதற்குள் எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. காலையில் ஒன்றை முடிவு செய்வார். மத்தியானம் யாரோ ஒரு முகம் தெரியாத மனிதர் இணையத்தில் அதைத் திட்டியிருப்பதைப் படித்துவிட்டு, சாயங்காலம் இன்னொன்றுக்கு மாறுவார். அது முடிந்து ஒருவழியாக மூச்சு விட்டால், "ஆனா, ஒரே பேர்ல ரெண்டு பாடகர் இருந்தா?" என்றார் ஆனா. அடித்தளத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! ஒரே பெயரில் இரண்டு பாடகர்கள், ஒரே பாடகருக்கு இரண்டு பெயர்கள், முதலில் தனிப்பாட்டாக வந்து பிறகு ஆல்பத்திலும் தலைகாட்டும் பாட்டுக்கு ஒரு மணியா இரண்டு மணியா, இங்கே காலையாக இருக்கும்போது வேறோர் இடத்தில் முந்தின நாளாக இருந்தால் எதை வெளியான நாள் என்பது, செத்துப்போன பாடகருக்குப் புதுப்பாட்டு வந்தால் அதை நம்புவதா என்று ஒயிட் போர்டு நிரம்பி வழிந்தது. சர்வர் படுத்துவிட்டால் தாங்கிப்பிடிக்க இன்னொரு சர்வர். அந்த இன்னொன்று தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்க மூன்றாவது. ஒரு கோடிப் பேர் ஒரே நொடியில் வந்து விழுந்தாலும் அசையாது என்றார். அந்த ஒரு கோடிப் பேரில் இருநூறு பேரைத்தான் எங்களுக்குத் தெரியும் என்பதை அவரிடம் யார் சொல்வது?

அவர் மனைவி சொன்னார். காப்பித் தம்ளர்களை எடுக்க வந்தவர், அம்புக்குறிகளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார்.

"இதுலேருந்து மெசேஜ் போகுமா?"

"போற கட்டம் இன்னும் வரலை."

"அப்ப அந்த நம்பரையெல்லாம் என்கிட்ட குடுங்க. நான் அனுப்பிடறேன், ஒரு மணி நேர வேலை."

அடித்தளம் துடித்துப்போனார். "அப்புறம் இத்தனை பேர் இத்தனை நாள் மண்டையை உடைச்சுக்கிட்டதுக்கு என்ன மரியாதை?" என்றார். அவர் மனைவி தம்ளர்களோடு போய்விட்டார்.

மூன்றாவது சர்வரை வரைய இடம் போதவில்லை. வலது மூலையில் ஏதோ சிவப்பாக இருந்தது. துடைத்துவிட்டு வரைந்தார். அவரே எழுதியது, அவரே துடைத்தது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். சர்வர் அழகாக வந்திருக்கிறது என்று நான் வேறு சொன்னேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிக முக்கியமான கூட்டம் போட்டார். கவனம் சிதறக்கூடாது என்று எங்கள் போன்களையெல்லாம் வாங்கிச் சத்தத்தை அணைத்து, துணிக்கூடையில் போட்டு, அறைக்கு வெளியே வைத்தார். கூட்டத்தில் பேசிய விஷயம்: புதுப்பாட்டு வந்தால் மணி எப்படி அடிக்கவேண்டும். ஒரு தடவை அடித்தால் கவனிக்கமாட்டார்கள், இரண்டு தடவை அடித்தால் எரிச்சல்படுவார்கள் என்று சாயங்காலம்வரை வாதம் நடந்தது. ஆனா ஒன்றரை தடவை என்றார். அது எப்படி என்று படம் போட்டுக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

தங்கை நின்றுகொண்டிருந்தாள். கையில் துணிக்கூடை. அதற்குள் ஒரு போன் ஓசையில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது.

"காலைலேருந்து கூப்பிடறேண்ணா. வெளியாயிடுச்சு."

அடித்தளம் ஒயிட் போர்டின் வலது மூலையைப் பார்த்தார். அங்கே மூன்றாவது சர்வர் கம்பீரமாக நின்றது.

"எத்தனை பேருக்குப் போச்சு?" என்று கேட்டாள்.

"அது... ஒரு கோடிப் பேர் வரைக்கும் தாங்கும்மா."

"தாங்கட்டும். ஒருத்தருக்காவது போச்சா?"

எனக்கு ஒயிட் போர்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனா முதல்முறையாக 'ஆனா' என்று சொல்லவில்லை.

"சரி, அதை விடு," என்றாள் தங்கை. "நீ கேட்டியா?"

அவர் கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் அவள் அனுப்பிவைத்தது மாசக்கணக்காக அவரிடமே இருக்கிறது. முதலில் அடித்தளம் முடியட்டும், அப்புறம் நிம்மதியாகக் கேட்கலாம் என்று வைத்திருந்தாராம். எனக்கு அந்த மனிதர்மேல் அதுவரை வராத கோபம் வந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

அவர் மனைவி வந்து தரையில் உட்கார்ந்து நம்பர்களில் பாதியை வாங்கிக்கொண்டார். மீதியைத் தங்கை வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒவ்வொருவருக்காக அனுப்பத் தொடங்கினார்கள். முதல் நாள் அநேகமாக முடிந்துவிட்டது, கிடைத்தவரை லாபம். "ஒவ்வொண்ணா அனுப்பறீங்களே, அதுக்கு ஒரு வழி..." என்று வாயெடுத்த அடித்தளம், மனைவி நிமிர்ந்து பார்த்த பார்வையில் அதை விழுங்கிவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் பாட்டை முழுசாகக் கேட்டார். கண் கலங்கிவிட்டது, நடிப்பில்லை. தங்கை அனுப்புவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாயிருக்கும்மா," என்றார். "ரொம்ப ரொம்ப நல்லாயிருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக ஒயிட் போர்டின் பக்கம் திரும்பினார். "ஆமா, இதை எந்த வகைல சேக்கறது? இந்த மாதிரிப் பாட்டுக்கு நாம இடமே விடலையே?"

தங்கை ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்தாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள்.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். இதைப் படிக்கும்போதே, இதை அவசியம் படிக்கவேண்டிய ஓர் ஆசாமி உங்கள் மனதுக்குள் வந்து நின்றிருப்பாரே? அனுப்பிவிடுங்களேன். என்ன தயக்கம்? முழுசாக அனுப்புவதா, கடைசிப் பகுதி மட்டும் போதுமா, நேரே அனுப்பினால் தப்பாக எடுத்துக்கொள்வாரா, பொதுவாகக் குழுவில் போட்டால் வேறு யாருக்காவது சுருக்கென்று தைக்குமா, காலையில் அனுப்பினால் படிப்பாரா, சாயங்காலம்தான் ஓய்வாக இருப்பாரா... யோசியுங்கள், நிதானமாக யோசியுங்கள். ஓர் அவசரமும் இல்லை. நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதை நம்பி எங்கேயும் யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை, அல்லவா?