பின்னலுக்குள் கிடந்த செல் துண்டு

பொறாமை மற்றவர்களுக்கு வயிற்றில் எரியுமாம். எனக்குப் பின்கழுத்தில் எரியும். பக்கத்து வளவு முருங்கையைப் பார்த்துக்கூட எரிந்திருக்கிறது. (அது காய்த்த காய்ப்பு அப்படி.) ஆனால் ஒரு மனுசியில் பொறாமைப்பட்டு, ஆசுபத்திரிக் கிளினிக்கையே அழவைத்தது ஒரேயொரு முறைதான்.

மூன்று வருடங்களுக்கு முன் என் மகள் மதுராவுக்குப் பதின்மூன்று வயது. மழை கண்ட பயிர்போல வளர்ந்தாள். வளர்ந்த வேகத்தில் முதுகெலும்பு ஒரு பக்கம் சாய்ந்து வளைந்துவிட்டது. சட்டைக்குள்ளே பிளாஸ்ரிக் கவசம் போட்டார்கள். பின்னாலேயே கழுத்து நோவும் வந்தது. டொக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினார். கழுத்தெலும்பு முன்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருக்க வேண்டுமாம். இவளுக்கு அது தடி மாதிரி நிமிர்ந்து நிற்கிறதாம். நேராக நிற்க வேண்டியது வளைந்தும், வளைய வேண்டியது நேராகியும், என் பிள்ளைக்குள்ளே யாரோ வாய்க்காலை மாறி வெட்டிவிட்டதுபோல இருந்தது எனக்கு.

"மூண்டு மாதம் பயிற்சி செய்யட்டும். பிறகு திரும்பப் படம் எடுத்துப் பாப்பம்" என்றார்.

பயிற்சி கொடுத்தவ பிசியோதெரபி சிந்துஜா மிஸ். வயது முப்பதுக்குள். என்னை "அம்மா" என்று கூப்பிட்டா. (அங்கேயே தொடங்கிவிட்டது.) எங்கள் ஊர் அக்கராயனிலிருந்து கிழமைக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போனோம். திரும்பி வரும்போது மதுராவின் வாயில் வேறு கதை கிடையாது.

"தலையணை உயரம் கூடவாம். மிஸ் சொன்னவா."

"நானும் அதைத்தானே பிள்ளை ரெண்டு வருசமாச் சொன்னனான்?"

"நீங்கள் ஏசினனீங்கள். மிஸ் சொன்னவா."

நோ மெல்லமெல்லக் குறைந்தது. பயிற்சிதான் காரணம் என்று மதுராவின் அப்பா, இவரும் சொன்னார், அயலும் சொன்னது. நாள்தோறும் எண்ணெய் பூசிவிட்ட என் விரல்களைப் பற்றி ஒரு குருவிகூட வாய் திறக்கவில்லை. நோவைப் பற்றி நான் கேட்டால் "ஒண்டுமில்லையம்மா" என்பாள். மிஸ் கேட்டால் எங்கே, எப்போது, எப்படி என்று கொட்டித் தீர்ப்பாள். என் வயிற்றில் கிடந்த பிள்ளையின் நோ, வேறொருத்தி எழுதிய கொப்பியில் பத்திரமாக இருந்தது.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். கோயிலுக்குப் போய், விரல்நுனியளவு செப்புத் தாயத்து ஒன்றை மந்திரித்து வாங்கினேன். படம் எடுக்கப் போன காலையில், அவளுக்குத் தெரியாமல், இடப்பக்கப் பின்னலின் அடிமயிருக்குள் கறுப்பு நூலால் சுற்றி வைத்துப் பின்னினேன். படம் நல்லதாக வந்தால், எல்லோர் முன்னாலும் பின்னலை அவிழ்த்து உண்மையான வைத்தியரைக் காட்டுவது. (நாற்பத்தைந்து வயதில் போட்ட திட்டம். நாலரை வயது என்று நினைத்துவிடாதீர்கள்.)

தோடு, சங்கிலி, கிளிப்பு எல்லாவற்றையும் கழற்றித்தான் எக்ஸ்ரே அறைக்குள் விட்டார்கள். பின்னல்களை உச்சியில் தூக்கிக் கட்டினார்கள். கழுத்தோடு ஒட்டிய அடிமயிர் அங்கேயேதான் இருந்தது.

டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். புருவத்தைச் சுருக்கினார். பக்கத்தில் நின்ற மிஸ்ஸின் முகமும் மாறியது.

"அம்மா, பிள்ளைக்கு எப்ப செல் பட்டது?"

எங்கள் பக்கத்து ஆட்களின் படங்களில் எலும்போடு, செல் வெடித்துத் தெறித்த இரும்பும் கிடப்பது புதினமில்லை. இவருக்குத் தோளில் ஒன்று, எனக்குத் தொடையில் ஒன்று.

"பிள்ளை பிறந்ததே சண்டை முடிஞ்ச பிறகு, டொக்டர்."

"அப்ப கழுத்தெலும்புக்குக் கிட்டக் கிடக்கிற இந்தத் துண்டு?"

நம்புங்கள், அந்த நேரம் தாயத்து என் நினைவிலேயே இல்லை.

"டொக்டர், என்ர தொடையில ஒண்டு கிடக்கு. வயித்தில இருக்கேக்க அது இவளுக்கு மாறிப் போயிருக்குமோ?"

நான் குழறி அழத் தொடங்கினேன். செல் என்ற சொல் காதில் விழ, வெளியே வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த மனுசிகளும் சேர்ந்து அழுதார்கள். எங்கள் ஊரில் அதற்குக் காரணம் கேட்பதில்லை. மிஸ் என்னைக் கட்டிப் பிடித்து "அழாதேங்கோ அம்மா" என்றா. அவவிடமிருந்து நல்ல சவர்க்கார வாசம் வந்தது. அந்த அழுகைக்குள்ளும் அதைக் கவனித்து எரிந்தவள் நான்.

"மிஸ், காலமை துவக்கம் தலைக்குள்ள ஏதோ குத்துது" என்றாள் மதுரா. மிஸ்ஸிடம்தான் சொன்னாள்.

மிஸ்ஸின் விரல்கள் பின்னலுக்குள் போய், கறுப்பு நூலோடும் செப்போடும் வெளியே வந்தன.

"ஆர் கட்டினது?" டொக்டர் கேட்டார்.

நான் கண்ணைத் துடைத்தேன். "தெரியேல்லை, டொக்டர்."

(அவளுக்குத் தலை பின்னுவது யாரென்று அந்தக் கிளினிக் சுவருக்கும் தெரியும்.)

"இப்ப இன்னொரு படம் எடுக்கோணும். பிள்ளைக்குத் தேவையில்லாத கதிர்" என்றார். அதுதான் சுட்டது. இரண்டாவது படத்தில், தடியாய் நின்ற கழுத்து மெல்ல வளையத் தொடங்கியிருந்தது. பிறைபோல, கூச்சத்தோடு. பயிற்சி வேலை செய்கிறதாம்.

பஸ்ஸில் மதுரா யன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"குத்தினதை ஏன் பிள்ளை என்னட்டச் சொல்லேல்லை?"

"உங்களிட்டச் சொன்னா நீங்கள் அழுவியள். பிறகு நான்தான் உங்களைத் தேத்தோணும். மிஸ் எண்டா பத்துக்கு எத்தினை நோ எண்டு கேட்டு எழுதுவா. அவ்வளவுதான்."

அழுகை வந்தது. விழுங்கினேன். என் வாழ்க்கையில் விழுங்கிய ஆகக் கசப்பான மருந்து அது.

அடுத்த நாள் ஒரு கொப்பியோடு போய் அவள் முன்னால் இருந்தேன். "பத்துக்கு எத்தினை?"

கொப்பியையும் என்னையும் பார்த்தாள். "ரெண்டு."

எழுதினேன். வேறொன்றும் சொல்லவில்லை. நாலைந்து நாள் ரெண்டுதான். பிறகு ஒரு நாள், "ஆறு" என்றாள். அழாமல் அதையும் எழுதினேன். அன்றுதான் அவள் முதன்முதலாக என்னிடம் உண்மையைச் சொன்னாள்.

மதுராவுக்கு இப்போது பதினாறு. அந்தக் கொப்பியின் பின்பக்கத்தை அப்பாவும் மகளும் என் பின்கழுத்து எரிவுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். போன கிழமை கிளினிக்கிலிருந்து வந்தவள், மிஸ் கொடுத்த புட்டு பஞ்சு மாதிரி இருந்தது என்றாள். நான் சிரித்த முகத்தோடு கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, கொப்பியை எடு" என்றார் இவர்.

"பத்துக்கு எத்தினை அம்மா?"

"ஒண்டு" என்றேன்.

அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்பது என்று எழுதினாள்.