நல்லா இருக்கேன் என்று சொன்னதால் மூடிய கேஸ்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, வணக்கம். நலமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நீங்கள் எல்லோரும் சுகமாக இருங்கள். என் பக்கத்து நலத்தைப் பற்றி எழுத்தில் எதுவும் தரக்கூடாது என்று உங்கள் தங்கையின் உத்தரவு. காரணத்தைக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைக்கும் எங்கள் சலவை ஆலையில், மெஷினுக்குள் முறுக்கிக்கொண்ட ஈரத்துணியை இழுத்தபோது என் வலது தோள் பிசகியது உங்களுக்குத் தெரியும். வேலையில் அடிபட்டவர்களுக்கான நஷ்டஈட்டு ஆபீஸ்தான் வைத்தியச் செலவைப் பார்த்தது. கடைசியாகப் பரிசோதித்த டாக்டர், நான் நுழைந்ததுமே எப்படி இருக்கீங்க என்றார். நல்லா இருக்கேன் சார் என்றேன். பிறகு வலியைப் பற்றி நான் மூச்சுவிடாமல் புலம்பியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. குணமாகிவிட்டதாக நோயாளியே சொன்னார் என்று எழுதிவிட்டார், கேஸை மூடிவிட்டார்கள். இப்போது கை தோளுக்கு மேலே ஏற மறுக்கிறது. தலை சீவிவிடுவது உங்கள் தங்கைதான், வகிடு தினம் ஒரு பக்கம் போகிறது. ஆபரேஷன் செய்தால்தான் கை சரியாகும், கேஸை மறுபடி திறந்தால்தான் ஆபரேஷன்.

ஆனால் மச்சான், ஒரு விஷயம் என்னைக் குடைகிறது. அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது? சோதித்துப் பார்த்தேன். காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த வாட்ச்மேனைக் கேட்டேன், நல்லா இருக்கேன் என்றார். பல்வலியில் கன்னம் வீங்கிய சூப்பர்வைசரைக் கேட்டேன், வாயைத் திறக்க முடியாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அப்புறம்தான் வீட்டில் எனக்குப் பயிற்சி ஆரம்பமானது. உங்கள் தங்கை சமையலறையிலிருந்து திடீரென்று எட்டிப் பார்த்து எப்படி இருக்கீங்க என்று கேட்பாள், நான் வாய் தவறி நல்லா இருக்கேன் என்றுவிடுவேன், அன்றைக்கு டீ கிடையாது.

பலன் கிடைத்தது. மறுபரிசோதனைக்குப் போனபோது புது டாக்டர் எப்படி இருக்கீங்க என்று கேட்டதும், "நல்லா இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் எனக்கே அழுகை வந்துவிட்டது. அவர் பேனாவை வைத்துவிட்டுத் தோளைத் தொட்டுப் பார்த்தார், நிலைமை மோசமாகியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். இனி ஆபீஸிலிருந்து போனில் ஒரு வார்த்தை விசாரிப்பார்களாம், அதோடு கேஸ் திறந்த மாதிரிதான். நிம்மதியாகத் தூங்குங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நூறாண்டு நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: நான் ஒற்றைக் கையால் குளித்துக்கொண்டிருந்தபோது ஆபீஸிலிருந்து போன் வந்திருக்கிறது. உங்கள் தங்கைதான் எடுத்தாள். வீட்டுக்காரர் எப்படி இருக்கார் என்று கேட்டார்களாம். நல்லா இருக்கார்ங்க, ரொம்ப நன்றி என்று சொல்லி வைத்துவிட்டாள். இத்தனை பயிற்சி கொடுத்தவளே இப்படிப் பண்ணலாமா என்று கேட்டேன்.

"உங்களப் பத்தி நீங்களே எப்படி வேணா சொல்லிக்கலாம். என்கிட்ட யாராவது கேட்டா, நல்லா இல்லேன்னு என் வாயால எப்படிங்க சொல்வேன்?"

தோளுக்கு மேலே ஏறாத வலது கையை மேஜையில் வைத்து இதை எழுதிக்கொண்டே, இடது கையால் அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அழுகை நிற்கிற மாதிரி தெரியவில்லை, உடனே புறப்பட்டு வாருங்கள்.